மூன்றாவது கம்பியையும் சேர்த்துக் கொடுங்கள்

வன்னியில் வாழ்வாதார உதவியாக மின்கருவிகளை வழங்கும் மாவட்ட, பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்கும், தொண்டு நிறுவனத்தாருக்கும், வெளிநாடுகளில் இருந்து அனுப்பும் ஊர்ச் சங்கத்து உறவுகளுக்கும்,

வணக்கம். நான் ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். மீள்குடியேறி வந்த நாளில் இருந்து இதுதான் எனக்குச் சோறு. நீங்கள் கொடுத்த கிறைண்டரும் டிறில் மெசினும் வெல்டிங் பிளான்றும் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிய வைத்தன என்பதைக் கண்ணால் கண்டவன். ஒரு கால் இல்லாதவர் தன் வளவுக்குள்ளேயே கேற் செய்து விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்கிறார். கணவனை இழந்த ஒரு தங்கச்சி தச்சுப் பட்டறை நடத்துகிறார். ஆகவே குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் கொடுக்கும் பெட்டிக்குள் ஒரு சாமான் குறைகிறது: மெசின் உடம்பில் ஏறும் கறண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் என்ற மூன்றாவது கம்பி. அது குறைவதால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மழைக்காலம். எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனுக்கு உதவியாக இரும்பு வெட்டும் கட் ஓஃப் மெசின் ஒன்று கிடைத்திருந்தது. இரும்பு உடம்பு, பாரமான நல்ல மெசின். வளவின் மூலையில் தகரக் கொட்டில் போட்டிருந்தான், தரை மண் தரை. வீட்டில் இருந்து கொட்டிலுக்கு முப்பது மீற்றர் வயர் இழுத்துக் கொடுத்தவன் நான். அவனிடம் இருந்த காசுக்கு எர்த் கம்பி இல்லாத இரண்டு கோர் வயர்தான் வந்தது. "அண்ணை, எர்த் இல்லாமலும் மெசின் ஓடும்தானே?" என்று கேட்டான். ஓடும் என்றேன். வீட்டு மெயின் போட்டில், கறண்ட் கசிந்தால் தானாக லைனை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இருந்தது. ஆனால் மழைக்கு அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைத் தாண்டி நேரே லைன் கொடுத்திருந்தார்கள். அதையும் கண்டேன். பிறகு வந்து சரி பண்ணலாம் என்று விட்டுவிட்டுப் போனேன்.

மூன்றாம் கிழமை மெசினுக்குள் வயர் உரசி அதன் இரும்பு உடம்பில் கறண்ட் ஏறிவிட்டது. அவன் வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றபடி கைபிடியைப் பிடித்தான். பிடித்த கையை விட முடியவில்லை. குசினிக்குள் நின்ற மனைவிக்கு மெசின் சத்தத்தில் ஏதோ பிழை என்று பட்டிருக்கிறது. ஓடிவந்து பார்த்துவிட்டு, அவனைத் தொடாமல் திரும்பி ஓடி மெயினை நிற்பாட்டினாள். அந்தப் பிள்ளைக்கு அந்தப் புத்தி வந்ததால் இரண்டு உயிர் மிஞ்சியது. அவனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மரத்துப் போய்த்தான் இருக்கின்றன.

எர்த் இல்லாமலும் மெசின் ஓடும். எங்கள் பிரச்சினை முழுவதும் இந்த ஒரு வசனத்துக்குள்தான் இருக்கிறது. கறண்டைக் கொண்டுவரும் லைன் கம்பி அறுந்தால் மெசின் நின்றுவிடும், உடனே தெரியும். அதைத் திருப்பிக் கொண்டுபோகும் நியூட்ரல் அறுந்தாலும் தெரியும். எர்த் கம்பி இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது, மெசின் உடம்பில் கறண்ட் ஏறுகிற நாள் வரைக்கும்.

இதில் எங்கள் சனத்தின் பிழை என்று ஒன்றும் இல்லை. வன்னியில் ஒரு தலைமுறை கம்பிக் கறண்டைக் காணாமலே வளர்ந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். 12 வோல்ற்று பற்றரியில் ஒரு சின்ன பல்ப் எரித்துப் படித்தோம். அந்தக் கறண்டை வெறுங்கையால் தொடலாம், ஒன்றும் செய்யாது. வயரைப் பல்லால் கடித்து உரித்து, கையால் முறுக்கிச் சுற்றிவிடுவோம். எங்கள் கைகள் மின்சாரத்தைப் பழகியது அப்படித்தான். 2009 க்குப் பிறகு ஊர் திரும்பி, போஸ்ட் நட்டு, கம்பி இழுத்து, 230 வோல்ற்று வீட்டுக்குள் வந்தபோது, இது வேறு ஆள் என்று யாரும் இருந்து சொல்லித் தரவில்லை. நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அதில் 230 வோல்ற்று பாய்ந்தால் கால் அம்பியருக்குக் கிட்ட வரும். பிடித்ததை விட முடியாமல் தசை இறுகுவதற்கு அதில் இருபதில் ஒரு பங்கே போதும்.

இன்னொரு விடயத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்த உத்தியோகத்தர்கள் கூட இதைத் தவறாக விளங்கி வைத்திருக்கிறார்கள். கறண்ட் தருகிறவர்கள் போஸ்டில் இருந்து எங்கள் வீட்டுக்குத் தருவது இரண்டு கம்பி, லைனும் நியூட்ரலும். மூன்றாவது கம்பி எங்களுடையது. எங்கள் வளவு மண்ணுக்குள் நாங்கள் அடிக்கிற எர்த் றொட்டில்தான் அது தொடங்குகிறது. அந்த றொட்டின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வன்னியின் காய்ந்த செம்மண்ணில், முல்லைத்தீவுக் கரையோர மணலில், அது அப்படி இருப்பது ஒன்றும் அதிசயம் இல்லை. மெசின் உடம்பில் கறண்ட் ஏறினால் மண்ணுக்குள் போகக்கூடியது 230 ஐ 100 ஆல் பிரித்தது, அதாவது 2.3 அம்பியர். பிளக்குக்குள் இருக்கும் 13 அம்பியர் பியூஸ் இதற்கு எரியுமா? எரியாது. மெயின் போட்டில் இருக்கும் சாதாரண பிறேக்கரும் விழாது. உடம்பில் கறண்டை வைத்துக்கொண்டு மெசின் பேசாமல் நிற்கும்.

ஆகவே எர்த் றொட் மட்டும் இருந்தால் எங்கள் ஊருக்குப் போதாது. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே லைனை வெட்டும் ட்ரிப் சுவிட்சும் சேர்ந்து இருக்க வேண்டும். நல்ல ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியருக்கு 0.3 செக்கனுக்குள் வெட்டும். கசிவு அதைப்போல் ஐந்து மடங்கானால் இன்னும் கெதியாக, 0.04 செக்கனுக்குள் வெட்டிவிடும். றொட் சுமாராக இருந்தாலும் இது வேலை செய்யும். றொட் இருந்தால் ஆள் தொடுவதற்கு முதலே விழும். றொட் இல்லாவிட்டால், தொட்ட ஆளின் உடம்பு வழியாகக் கசிந்த பிறகுதான் விழும். இரண்டும் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். மழைக்கு ட்ரிப் விழுந்தால் எங்கேயோ ஈரம் புகுந்து கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடிப் பிடிக்க வேண்டுமே தவிர, ட்ரிப்பைத் தாண்டி லைன் கொடுப்பது வீட்டு நாயின் வாயைக் கட்டிவிட்டுப் படுப்பது போன்றது.

மண்ணும் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. வற்றாப்பளைப் பொங்கல் முடிந்து சோளகக் காற்று உரக்க வீசத் தொடங்கினால் மேல் மண் தூளாகிவிடும். மாரியில் நன்றாக இருந்த றொட் ஆவணியில் பேருக்குத்தான் நிற்கும். நான் இப்போது றொட்டைக் கிணற்றடித் தண்ணீர் ஓடிப் போகிற வாழையடியில் ஆழமாக அடிக்கிறேன். உப்புப் போடச் சொல்லுவார்கள், போட வேண்டாம். றொட்டும் கிளிப்பும் கறள் பிடித்துச் சாப்பிடப்பட்டுவிடும்.

இனி, வெளிநாட்டு உறவுகளுக்கு. நீங்கள் அன்போடு அனுப்புகிற கருவிகளில் சிலவற்றை நான் பயத்தோடுதான் பிரிக்கிறேன். ஜேர்மனி, பிரான்ஸ் பக்கத்தில் இருந்து வரும் மெசினின் பிளக்கில் இரண்டு உருண்டை முள் இருக்கும். ஜேர்மன் பிளக்கில் எர்த் என்பது பக்கவாட்டில் இருக்கும் தகட்டில். எங்கள் 13 அம்பியர் சொக்கற்றில் அந்தத் தகட்டுக்கு இடமே இல்லை. இங்கே என்ன செய்கிறார்கள் தெரியுமா? மேல் ஓட்டைக்குள் பேனை மூடியையோ ஸ்குறூ டிரைவரையோ குத்தி மூடியைத் திறந்து, கீழே இரண்டு முள்ளையும் அமத்திவிடுகிறார்கள். மெசின் ஓடும். எர்த் அந்தரத்தில் நிற்கும். கனடாவில் இருந்து வருவது 120 வோல்ற்றுக் கருவி. இங்கே நேரே குத்தினால் புகைந்துவிடும். காசாக அனுப்பி இங்கேயே வாங்கச் சொல்லுங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், மூன்று முள்ளுப் பிளக்கை மாற்றி, எர்த் தொடர்பு இருக்கிறதா என்று மீற்றரால் பார்த்த பிறகே பாவிக்கச் சொல்லுங்கள்.

எல்லாக் கருவிக்கும் எர்த் வேண்டும் என்றும் இல்லை. பெயர்த் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருந்தால் அது இரட்டைக் காப்புள்ள கருவி. அதற்கு இரண்டு கோர் வயர்தான் வரும், எர்த் கொடுக்கத் தேவையில்லை. கைக்கிறைண்டரும் கை டிறிலும் பெரும்பாலும் இப்படித்தான். வாங்கும்போது இந்தச் சின்னத்தைத் தேடி வாங்குங்கள். ஜெனரேற்றரில் வேலை செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சின்ன ஜெனரேற்றரில் நியூட்ரல் எர்த்தோடு கட்டியிராதபடியால் ட்ரிப் சுவிட்ச் போட்டாலும் அது எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. ஜெனரேற்றருக்கு இரட்டைக் காப்புக் கருவி ஒன்றை மட்டும் கொடுத்து வேலை செய்வது நல்லது.

இரட்டைக் காப்பும் நாங்கள் அதை வைத்திருக்கிற விதத்தில்தான் நிலைக்கும். இரும்பு வெட்டும்போது பறக்கும் தூள் காற்று ஓட்டையால் உள்ளே போய்ப் படியும். அது இரும்புத் தூள், கறண்டைக் கடத்தும். கிழமைக்கு ஒருமுறை காற்று அடித்து வெளியேற்ற வேண்டும். பட்டறைகளில் நான் கண்ட இன்னொரு பழக்கம், வேலை முடிய, பெயின்ற் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் மெசினைத் துடைப்பது. பளபள என்று வரும்தான். ஆனால் தின்னர் பிளாஸ்ரிக் உடம்பைத் தின்னும். மயிர் மாதிரி வெடிப்பு விழும். அந்த உடம்புதான் உங்களுக்கும் கறண்டுக்கும் நடுவில் நிற்கிற காப்பு. ஈரத் துணியைப் பிழிந்து, பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடைத்தால் போதும்.

தின்னர் என்று சொன்னதும் மற்றக் கதைக்கு வருகிறேன். டைனமோ காலத்தில் இருந்து வந்த பழக்கம் போல, பொருளாதாரத் தடைக் காலத்தில் இருந்து வந்ததும் ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எண்ணெய் எடுத்தோம். அது சுவாசப்பைக்குள் போனால் நியூமோனியா மாதிரி ஆளைப் படுக்க வைக்கும். எண்ணெய் எங்களுக்குப் பழகிய சாமான், பயம் இல்லை. அதே கைதான் இன்றைக்குத் தின்னரில் கழுவப்படுகிறது. தின்னர் தோலில் இருக்கும் கொழுப்பை உரித்துக்கொண்டு உள்ளேயும் போகும். அறையைப் பூட்டிக்கொண்டு மரத்துக்குச் சீலரும் லாக்கரும் அடிக்கிறவர்களுக்கு மத்தியானத்தில் தலையிடி, கிறுகிறுப்பு வரும். வெயில் என்று நினைத்துச் சோடா குடிப்பார்கள். அந்த ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தோடு தவழும். கை டிறில், சாண்டர் எல்லாவற்றிலும் கரித் துண்டு உரசிப் பொறி பறந்துகொண்டேதான் இருக்கும். பெயின்ற் அடிக்கிற அதே அறையில் சாண்டர் ஓட்டுவது வைக்கோல் போருக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டுகிற வேலை.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. ஊர் திரும்பிய முதல் வருடம், துத்தநாகம் பூசிய கல்வனைஸ் குழாயில் வெல்டிங் பிடித்துப் பந்தல் ஒட்டிக் கொடுத்தேன். பொழுதுபட வாயில் இரும்புச் சுவை, தாகம், பிறகு நடுக்கலும் காய்ச்சலும். வன்னிக் காய்ச்சல் என்றால் அப்போது எங்களுக்கு மலேரியாதான் நினைவுக்கு வரும். இரத்தம் குத்திப் பார்த்தார்கள், கிருமி இல்லை. இரண்டு நாளில் தானாக விட்டது. அது துத்தநாகப் புகை தந்த காய்ச்சல் என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாது என்று இன்றைக்கும் பெடியங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பால் வயிற்றுக்குப் போகும், புகை நெஞ்சுக்குப் போகும். ஒட்டுகிற இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சை முதலில் நீக்கிவிட்டு, காற்று முகத்துக்கு எதிரே வராமல் பக்கமாக வீசுகிற மாதிரி நின்று ஒட்டுங்கள்.

தச்சுப் பட்டறைக்குக் கருவி கொடுப்பவர்கள் முதிரை மரத்தைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் காட்டின் பொன் அது. அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் கொண்டுவரும். எந்த மரத் தூளும் நீண்ட காலம் மூக்குக்குள் போனால் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995 இலேயே வகைப்படுத்திவிட்டது. டைல்ஸ், கொங்கிறீற் வெட்டும்போது எழும் வெள்ளைப் புழுதியில் இருக்கும் சிலிக்கா சுவாசப்பையில் தழும்பாக நிற்கும். திரும்பக் கழுவி எடுக்க முடியாது. தண்ணீர் விட்டு வெட்டுவதுதான் வழி. ஆனால் சாதாரணக் கைக்கிறைண்டரில் தண்ணீர் ஊற்றினால் கறண்ட் அடிக்கும். அதற்கென்று செய்த ஈர வெட்டு மெசின் இருக்கிறது, ட்ரிப் சுவிட்சோடு அதைத்தான் கொடுக்க வேண்டும்.

கூரைக்குப் போடும் அஸ்பெஸ்டஸ் சீற்றை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது. 2018 ஜனவரியில் இருந்து அதன் இறக்குமதியை நிறுத்துவதாக இருந்தார்கள். 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்தது என்று ரஷ்யா எங்கள் தேயிலையை நிறுத்தியது. பெரும்பாலும் அந்த நாட்டில் இருந்துதான் அஸ்பெஸ்டஸ் வருகிறது. தேயிலையைத் திரும்ப விற்பதற்காக அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிப் போனது. கொழும்பில் நடந்த பேரத்தின் தூள் எங்கள் பெடியங்களின் நெஞ்சில் வந்து படிகிறது. அந்தச் சீற்றைக் கிறைண்டரால் வெட்டவே கூடாது. வெட்டித்தான் தீர வேண்டும் என்றால் நனைத்துவிட்டுக் கைவாளால் மெதுவாக வெட்ட வேண்டும்.

இன்னும் இரண்டு, சுருக்கமாக. டீசல், தின்னர், கிருமிநாசினி இருந்த பரல் வெறுமையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி நிற்கும். அதில் கிறைண்டர் வைத்தால் வெடிக்கும். மண்ணுக்குள் இருந்து கிளம்பிய இரும்பு எதுவாக இருந்தாலும், என்னவென்று தெரியாவிட்டால், வெட்டவும் தட்டவும் கூடாது. தள்ளி நின்று பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்ல வேண்டும். இது வன்னி, விளக்கத் தேவையில்லை.

கடைத்தெருவில் விற்கும் துணி முகமூடி இவற்றில் எதையும் தடுக்காது. தூளுக்கு என்95 வகை முகமூடி வேண்டும். தின்னர் ஆவிக்கு அதுவும் உதவாது, கரி வடிகட்டி பூட்டிய முகமூடி வேண்டும். வடிகட்டியைப் பாவித்து முடிய மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். மணம் மூக்குக்கு வரத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும். வாகனங்களுக்கு அடிக்கும் இரண்டு கலவைப் பெயின்றுக்கு இந்த முகமூடியும் போதாது. அதில் இருக்கும் ஐசோசயனேற்று தீராத இழுப்பைக் கொண்டுவரும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் ஏற்பாடு இல்லாதவருக்கு அந்தத் தொழிலுக்கான கருவியைக் கொடுக்க வேண்டாம்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இது. கருவி கொடுக்கிற ஒவ்வொரு பெட்டியிலும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் பூட்டிய ஒரு சொக்கற் பெட்டி, மூன்று கோர் வயரில் 13 அம்பியர் பிளக்கோடு செய்த எக்ஸ்டென்ஷன், எர்த் றொட், கிளிப், பச்சை மஞ்சள் வயர், கண்ணாடி, அந்தத் தொழிலுக்கு ஏற்ற முகமூடி எல்லாம் இருக்கட்டும். கையளிப்பு நிகழ்வுக்குப் பிடிக்கிற பந்தல், மாலை, பதாகைச் செலவைக் குறைத்தால் இதில் பெரும் பகுதியை ஈடு செய்யலாம் என்று நினைக்கிறேன். கையெழுத்து வாங்குவதற்கு முதல், கருவி ஓடப் போகிற கொட்டிலுக்கு ஒருவர் போய்ப் பார்க்கட்டும். 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. மாமரத்துக்குக் கீழே தனியாகக் கிறைண்டர் பிடிக்கிறவனை யாரும் வந்து பரிசோதிப்பதில்லை. அவனிடம் போகக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இயங்குகிறது. பக்கத்திலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். ஒரு சனிக்கிழமை அரை நாளில், நல்ல தமிழில், கையால் தொட்டுக் காட்டி இவ்வளவையும் சொல்லிக் கொடுக்கக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். பிரதேச சபைக்கு ஒன்று என்று எர்த் டெஸ்டர் வாங்கி வைத்து, எங்களைப் போன்ற வயரிங்காரருக்கு இரவலாகத் தாருங்கள். கண்ணால் பார்த்து மண்ணின் தடையைச் சொல்ல எங்களால் முடியாது. பயிற்சிக்கு வருகிறவரின் வீட்டில் இருந்து இன்னொருவரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். கறண்ட் பிடித்தவரைத் தொடாமல் மெயினை நிற்பாட்ட வேண்டும், மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சை அமத்தியபடி 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டியவர் அவர்தான்.

அந்தப் பெடியனின் கொட்டிலுக்கு இப்போது மூன்று கோர் வயர் போட்டிருக்கிறேன். றொட் வாழையடியில் நிற்கிறது, ட்ரிப்பும் பூட்டியாயிற்று. ஒவ்வொரு போயா நாளும் அவன் மனைவி அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்க்கிறாள். விழுந்தால் திரும்ப ஏற்றிவிடுவாள். விழாவிட்டால் மெசினை ஓட்ட விடாமல் எனக்கு அழைப்பாள். ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, முள்ளியவளைப் பக்கத்தில் உங்கள் உதவியால் கருவி பெற்ற யாருக்கும் எர்த் றொட் அடிக்க வேண்டும் என்றால் சாமானை மட்டும் வாங்கி வையுங்கள். கூலி வேண்டாம், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு வயரிங் வேலைக்காரன்